ரிலே: பொருள், பிறப்பு, தமிழ்ப்பெயர்

வீட்டு விளக்கு, கீசர், வாசல் கேட், நீரேற்றும் பம்பு என எதைக் கைப்பேசியிலிருந்து இயக்க நினைத்தாலும் முதலில் கைக்கு வருவது ரிலே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் பெயரைச் சொன்னால் போதும். விரல்நுனி அளவில் நீலக் கட்டி ஒன்றைப் பச்சைப் பலகையில் பொருத்திய நிலையில் தருவார்கள். கட்டியின் முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பொருள் எல்லாருக்கும் பழக்கம்தான். பெயரின் பொருள் அந்த அளவுக்குப் பழக்கமில்லை. அது தெரிந்துவிட்டால் கம்பி இணைப்பில் வரும் பிழைகளில் பாதி வராது.

ரிலே என்பது ஒரு சிறு மின்னோட்டம் தன்னோடு ஒட்டாத வேறொரு பெரிய மின்னோட்டத்தை ஓடவும் நிற்கவும் வைக்கும் சுவிட்ச். நீல மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றிய ஒரு சுருள், அதன் தலைமாட்டில் ஒரு சிறு இரும்புத் தகடு, தகட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் வில், வெள்ளிக் கலவையில் செய்த தொடுமுனைகள் ஆகியவை இருக்கும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகட்டோடு தொடுமுனையும் நகர்ந்து மறுபக்கத்து முனையைத் தொடும். ‘டிக்’ என்று கேட்பது அந்தத் தொடுகையின் ஓசை. சுருளுக்கும் தொடுமுனைக்கும் இடையே கம்பித் தொடர்பே கிடையாது. 5 வோல்ட் பக்கம் 5 வோல்ட்டாகவே இருக்கும், 230 வோல்ட் பக்கம் 230 வோல்ட்டாகவே இருக்கும். ரிலேயின் உயிர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

சொல்லின் பிறப்பிடம் வேட்டைக்காடு. பழைய பிரெஞ்சில், களைத்த வேட்டைநாய்களுக்கும் குதிரைகளுக்கும் பதிலாக வழிநெடுக நிறுத்தி வைத்த புதியவற்றை ‘ரிலே’ என்றார்கள். ஆங்கிலத்திலும் அதே பொருளில்தான் நுழைந்தது. பிறகு அஞ்சல் குதிரைகளுக்கும், கோல் கைமாறும் ஓட்டப் பந்தயத்துக்கும் பரவியது. மின்னியலுக்கு அதைக் கொண்டுவந்தது தந்தி. நீண்ட கம்பியின் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது மின்னோட்டம் தேய்ந்துவிடும். தேய்ந்த அந்த ஓட்டத்தைக் கொண்டு ஒரு லேசான தகட்டை மட்டும் அசைத்து, அந்தத் தகடு புதிய மின்கலத்தின் சுற்றை இணைக்கும்படி செய்தார்கள். களைத்த குதிரை நின்றுவிடும், புதுக் குதிரை ஓடும், செய்தி மட்டும் கைமாறும். அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் இந்த அமைப்பை உருவாக்கியதாகச் சொல்வது வழக்கம். பிரின்ஸ்டனில் தம் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுத்துச் சைகை அனுப்பியவரும் இவரே. இங்கிலாந்தில் எட்வர்ட் டேவி 1838-இல் காப்புரிமை பெற்றபோது, இத்தகைய கருவியை ‘புதுப்பிப்பது’ என்ற பொருள்படும் பெயரால் குறித்தார்.

இனி தமிழுக்கு வருவோம். கலைச்சொல் பட்டியல்களில் ரிலேவுக்கு ‘உணர்த்தி’ என்ற சொல் காணப்படுகிறது. தனியாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால் வீட்டுத் தானியக்கத்தில் ரிலேவுக்கு அடுத்த பலகையிலேயே சென்சார் இருக்கும், அதற்கு ‘உணரி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ‘உணரியை இந்த முனையிலும் உணர்த்தியை அந்த முனையிலும் இணைக்கவும்’ என்று எழுதினால் படிப்பவர் நிச்சயம் தடுமாறுவார். ஒன்று உள்ளே செய்தி கொண்டுவருவது, மற்றது வெளியே வேலை செய்வது. எதிரெதிர் வேலை செய்யும் இரண்டுக்கும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் பெயர் வைப்பது நல்லதல்ல.

‘அஞ்சல்’ இதற்கு மிகவும் பொருந்தும் சொல். இன்று தபால் என்றே அதை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கைமாற்றிக் கொண்டுபோவது என்பதும் அதன் உட்பொருள். திருவிதாங்கூரில் ஓட்டக்காரர்கள் பையைக் கைமாற்றிக் கொண்டு ஓடிய தபால் முறைக்கு அஞ்சல் என்றே பெயர். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை ‘அஞ்சல் செய்தல்’ என்கிறோம். ரிலே பந்தயம் ‘அஞ்சல் ஓட்டம்’. வேட்டைநாயிலிருந்து தந்திவரை ஆங்கிலச் சொல் சுமந்து வந்த அதே கருத்தை இந்தச் சொல்லும் சுமக்கிறது. சுவிட்ச்சுக்கு ஈழத்துப் பாடநூல்களில் வழங்கும் ‘ஆளி’யைச் சேர்த்தால் ‘அஞ்சல் ஆளி’ கிடைக்கும். முன்னால் ‘மின்’ போடக் கூடாது, போட்டால் ஈமெயில் ஆகிவிடும். கடையில் ரிலே என்றே கேளுங்கள். வரைபடத்திலும், வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்போதும் அஞ்சல் ஆளி என்று எழுதுங்கள், பெயரே விளக்கமாக இருக்கும்.

ரிலேயின் மூன்று முனைகளுக்குத் தமிழ்ப்பெயர் வைப்பதில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பலகையில் காம், என்.ஓ., என்.சி. என்று அச்சிட்டிருக்கும். காம் பொதுமுனை, அதில் குழப்பமில்லை. என்.ஓ.வை ‘இயல்பில் திறந்தது’ என்றும் என்.சி.யை ‘இயல்பில் மூடியது’ என்றும் மொழிபெயர்ப்பது வழக்கம். தமிழ்க் காதுக்கு இது நேர்மாறாகக் கேட்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். மின்சுற்றில் ‘திறந்தது’ என்றால் கம்பி விட்டுப்போய் ஓட்டம் நிற்பது. புதிதாகக் கற்பவர்கள் முனை மாற்றி இணைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘விட்ட முனை’, ‘தொட்ட முனை’ என்று சொன்னால் குழப்பம் தீரும். சுருளில் மின்சாரம் இல்லாத நேரத்தில் பொதுமுனையை விட்டு நிற்பது விட்ட முனை (என்.ஓ.), தொட்டு நிற்பது தொட்ட முனை (என்.சி.).

எதை எதில் இணைப்பது என்பதற்கு ஒரே கேள்விதான்: கட்டுப்படுத்தும் பலகை செத்துப்போனால் இந்தச் சாதனம் எந்த நிலையில் இருக்க வேண்டும்? கீசரும் பம்பும் நின்றுவிட வேண்டும், அவை விட்ட முனைக்கு. உறைபெட்டியும் மீன்தொட்டியின் காற்றுப் பம்பும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவை தொட்ட முனைக்கு.

சுருளை இயக்கும் பக்கத்தில் கணக்கு எளிது. நீலக் கட்டி 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறக்குறைய 70 ஓம், ஆகவே 70 மில்லியாம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். கைப்பேசிக் கட்டளையை வைஃபை வழியாக வாங்கும் இஎஸ்பி8266 சில்லின் ஒரு முனை தருவது 3.3 வோல்ட்டில் 12 மில்லியாம்பியர் அளவுதான். நேரே இணைத்தால் ரிலே அசையாது, சில்லும் கெடலாம். இடையில் ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு 1 கிலோ ஓம் தடை, சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோடு வேண்டும். டயோடு இல்லாவிட்டால், சுருளை அணைக்கும் நொடியில் அதன் காந்தப்புலம் சரிந்து எதிர்த்திசையில் பல மடங்கு வோல்ட் எழும், டிரான்சிஸ்டர் போய்விடும். கடையில் விற்கும் பலகைகளில் பெரும்பாலும் இவை ஏற்கெனவே இருக்கும். ஆனாலும் சுருளுக்கான 5 வோல்ட்டைத் தனி சப்ளையிலிருந்து எடுங்கள். இஎஸ்பி8266 பொருத்திய நோட்எம்சியூ பலகையின் 3.3 வோல்ட் முனையிலிருந்து எடுத்தால், 5 வோல்ட் ரிலே சரியாக இழுக்காது, வைஃபை அறுந்து சில்லு மறுபடி தொடங்கவும் கூடும்.

தென்னாப்பிரிக்க வீடுகளில் ரிலேயின் இயல்பு தெரியாமல் போனால் முதலில் சிக்குவது கேட் மோட்டார். அதன் பலகையில் ட்ரிகர் என்றும் காம் என்றும் இரண்டு திருகு முனைகள் இருக்கும். இரண்டையும் அரை நொடி தொடவைத்தால் ரிமோட் பொத்தானை அழுத்தியதற்குச் சமம். அங்கே வேண்டியது வெறும் தொடுகை. இதை ‘உலர் தொடுமுனை’ என்பார்கள், தன் பங்குக்கு எந்த வோல்ட்டும் தராத முனை என்று பொருள். விளக்குக்கென்று விற்கும் பல வைஃபை சுவிட்சுகளில் உள்ளிருக்கும் ரிலே 230 வோல்ட் லைவ் கம்பியையே வெளியே அனுப்பும்படி இணைத்திருப்பார்கள். பெட்டிக்குள் ரிலே இருக்கிறதே என்று நம்பி அதைக் கேட்டின் ட்ரிகரில் செருகினால் மோட்டார்ப் பலகை அந்த நொடியே கருகும், தொடுபவருக்கும் ஆபத்து. இரண்டு பக்கமும் பிரிந்திருக்கும் என்ற அஞ்சல் கருத்து இந்த வகைப் பெட்டிகளின் வெளிமுனைகளில் இல்லை. வாங்கும் முன் உலர் தொடுமுனை என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு தந்த சிக்கல் இன்னொன்று. கேட் மோட்டாருக்கு 12 அல்லது 24 வோல்ட் பேட்டரி உண்டு, கரண்ட் போனாலும் அது விழித்திருக்கும். நீங்கள் சேர்த்த வைஃபை பலகைக்குப் பேட்டரி கிடையாது. கரண்ட் திரும்பும்போது பலகை எழுந்திருக்கிறது. எழும் நேரத்தில் இஎஸ்பி8266-இன் சில முனைகள் தாமாகவே 3.3 வோல்ட்டுக்கு உயரும். நோட்எம்சியூவில் டி0, டி3, டி4 அப்படிப்பட்டவை. ரிலே ஒரு கணம் இழுத்து விடுகிறது. கேட் அதைப் பொத்தான் அழுத்தமாக எடுத்துக்கொண்டு நள்ளிரவில் திறந்துகொள்கிறது. ஆகவே டி1 அல்லது டி2 முனையைப் பயன்படுத்துங்கள். உயர் சைகையில் இழுக்கும் ரிலேப் பலகையை வாங்கி, சைகைக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் தடை ஒன்றைப் போடுங்கள். தாழ் சைகையில் இழுக்கும் பலகைதான் கையில் இருக்கிறது என்றால், நிரலில் முனையை வெளியீடாக அறிவிக்கும் வரிக்கு முன்னாலேயே அதை உயர்த்தும் வரியை எழுத வேண்டும். வரிசை மாறினால் அந்த இடைவெளியில் ஒரு ‘டிக்’ விழும். சொந்த நிரலுக்குப் பதிலாகச் சில்லில் ஏற்றும் டாஸ்மோட்டா என்ற ஆயத்த மென்பொருள் என்றால் ‘பவர்ஆன்ஸ்டேட்’ மதிப்பை 0 ஆக்குங்கள். எல்லாம் முடிந்ததும் ட்ரிகர் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வைஃபை பலகைக்கு மட்டும் பல முறை கரண்ட் கொடுத்து நிறுத்துங்கள். ஒரு ‘டிக்’கூடக் கேட்காத பிறகே கம்பியை மாட்டலாம்.

கீசர் வேறு கணக்கு. 3 கிலோவாட் எலிமென்ட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர், 4 கிலோவாட் என்றால் 17 ஆம்பியருக்கு மேல். நீலக் கட்டியின் முதுகில் இருப்பது 10. முதல் வாரம் ஓடும். பிறகு பலகையின் செம்புத் தடம் சூடேறி, திருகு முனை உருகத் தொடங்கும். மீன் நாற்றம் போன்ற பிளாஸ்டிக் வாடை வந்தால் உடனே மெயினை அணைத்துவிட வேண்டும். சரியான வழி, டிபி போர்டில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) 25 ஆம்பியர் இருமுனைக் கான்டாக்டர், அதாவது பெரிய ஓட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலே, ஒன்றைப் பொருத்துவது. சிறு ரிலே கான்டாக்டரின் 230 வோல்ட் சுருளை மட்டும் இயக்கும், கான்டாக்டர் கீசரை இயக்கும். சில்லிலிருந்து டிரான்சிஸ்டர், அதிலிருந்து ரிலே, அதிலிருந்து கான்டாக்டர் என ஒவ்வொரு கட்டத்திலும் புதுக் குதிரை. கீசரின் தெர்மோஸ்டாட்டையும் சூட்டுத் தடுப்பையும் எக்காரணத்துக்கும் தாண்டிச் செல்லக் கூடாது. அவற்றுக்கு முன்னால் வரிசையில்தான் கான்டாக்டர் நிற்க வேண்டும்.

நேரம் குறிப்பதற்கும் கணக்கு உண்டு. 150 லிட்டரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 7 யூனிட் வேண்டும், 3 கிலோவாட்டில் 2 மணி 20 நிமிடம் ஆகும். காவடி நாளில் வீடே விடியற்காலை 4 மணிக்குக் குளிக்க வேண்டுமென்றால் 1.30-க்கே ரிலே இழுத்திருக்க வேண்டும். மிச்சப்படுத்துகிறோம் என்று வெந்நீரை எப்போதும் 50 பாகைக்குக் கீழேயே வைத்திருப்பது தவறு. தொட்டியில் லெஜியனெல்லா கிருமி பெருகும்.

சுவருக்குள் இருக்கும் 230 வோல்ட் வேலைக்குப் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2009-ஆம் ஆண்டு மின் நிறுவல் விதிகளின்படி வீட்டுக்குச் சி.ஓ.சி. எனும் மின் இணக்கச் சான்று வேண்டும். டிபி போர்டில் கான்டாக்டர் சேர்த்தால் அதுவும் சான்றில் ஏற வேண்டும். 5 வோல்ட் பக்கம் உங்களுடையது.

ரிலே ‘டிக்’ என்கிறது, விளக்கு அணையவில்லை என்றால் தொடுமுனைகள் ஒட்டிப்போயிருக்கும். பல எல்இடி விளக்குகளை ஒரே ரிலேயில் கட்டினால் இது நடக்கும். எல்இடி டிரைவரின் மின்தேக்கிகள் நிரம்பும் முதல் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு ஓட்டம் பாய்ந்து முனையை உருக்கி ஒட்டிவிடும். தட்டினால் சில நேரம் விடும், ஆனால் அந்த ரிலேயை அப்போதே மாற்றிவிட வேண்டும்.

ஓசை பிடிக்காதவர்கள் சாலிட் ஸ்டேட் ரிலே வாங்குகிறார்கள். இதில் தகடும் இல்லை, தொடுமுனையும் இல்லை, ஒளி வழியாகச் செய்தி கைமாறுகிறது. ஆகவே இதையும் அஞ்சல் ஆளி என்றே சொல்லலாம், ‘அசையா அஞ்சல் ஆளி’ என்று பிரித்துக் காட்டினால் போதும். ஓடும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்கு மேல் சூடு விடும், அலுமினியத் தகடு இல்லாமல் வைக்கக் கூடாது. அணைத்த பிறகும் சிறு கசிவு உண்டு, எல்இடி விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஓடிய நிலையிலேயே கெடும், ஆகவே கீசருக்கு இதைத் தனியாக நம்பிப் போடாதீர்கள்.