ஆக்சிடென்ட் ஃபர்கிவ்னஸ்: பொறுப்பார்கள், மறக்க மாட்டார்கள்

டாலஸில் இருக்கும் மைத்துனன் தன் கார் இன்சூரன்ஸ் தாளைப் படம் எடுத்து அனுப்பி, “மாமா, கடைசி வரிக்குத் தமிழில் என்ன? வச்சுக்கவா, எடுத்துடவா?” என்று கேட்டிருந்தான். ஆறு மாதத்துக்கு 780 டாலர் பிரீமியம், அதற்குக் கீழே தனியாக ‘ஆக்சிடென்ட் ஃபர்கிவ்னஸ், 31 டாலர்’. சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் பொருள். அமெரிக்காவில் தவறு நம் பக்கம் என்று முடிவான விபத்து ஒன்று நடந்தால், பாலிசியைப் புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறும், பெரும்பாலும் மூன்று ஆண்டுக்காவது இறங்காது. முதல் விபத்துக்கு அப்படி ஏற்றமாட்டோம் என்று கம்பெனி கொடுக்கும் வாக்குதான் இது. பல ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியவருக்குச் சில கம்பெனிகள் இனாமாகவே தருகின்றன, சில காசு கேட்கின்றன. டிடக்டிபிள், அதாவது பழுதுச் செலவில் நாம் முதலில் ஏற்க வேண்டிய தொகை, எப்போதும்போல நம் கையிலிருந்துதான் போகும். பின்னால் வந்தவன் நம் காரை இடித்தால் தவறு அவனுடையது, அதற்கு இந்த மன்னிப்பே தேவையில்லை.

‘ஃபர்கிவ்’ பழைய ஆங்கிலச் சொல். உள்ளே ‘கிவ்’, அதாவது கொடு, ஒளிந்திருக்கிறது; வரவேண்டியதை விட்டுக்கொடுப்பது. அதனால்தான் ஆங்கிலத்தில் கடனையும் ‘ஃபர்கிவ்’ செய்கிறார்கள். நாம் கடனை மன்னிப்பதில்லை, தள்ளுபடி செய்கிறோம். இன்சூரன்ஸ்காரர் சொல்வதும் இந்தக் காசுக்கணக்குப் பொருள்தான், ‘விபத்து மன்னிப்பு’ என்று அப்படியே மாற்றினால் யாரோ மனமிரங்கியது போல ஆகிவிடும்.

தமிழில் இதற்கு நெருக்கமாக வருவது ‘பொறு’. குறளில் 152: “பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று.” இங்கே இறப்பு என்றால் சாவு இல்லை, வரம்பு மீறல். வள்ளுவர் பொறுப்பதையும் மறப்பதையும் தனித்தனியாக வைக்கிறார் பாருங்கள், இந்த 31 டாலர் வரியின் சூட்சுமம் முழுக்க அங்கேதான். கம்பெனி பொறுத்துக்கொள்ளும், மறக்காது. கிளைம் விவரம், லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் கம்பெனி வைத்திருக்கும் ‘க்ளூ’ என்ற கிளைம் வரலாற்று அறிக்கையில் ஏழு ஆண்டு வரை கிடக்கும், நாளைக்கே வேறு கம்பெனிக்கு மாறினால் அவர்கள் அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். இவர் கொடுத்த மன்னிப்பு அவரைக் கட்டுப்படுத்தாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘விபத்துப் பொறுப்பு’ என்றால் அர்த்தமே தலைகீழாகிவிடும், பழியை ஏற்பது போல. ‘பொறுதி’ நல்ல பழைய சொல், ‘விபத்துப் பொறுதி’ காதுக்கும் இதம். படிவத்தில் போடுவதானால் ‘முதல் விபத்துக் கட்டண உயர்வு விலக்கு’ என்பேன், நீளம்தான், ஆனால் எதை விலக்குகிறார்கள் என்று அதிலேயே இருக்கிறது.

இப்போது கணக்கு. மைத்துனனுக்கு ஆண்டுக்கு 1,560 டாலர் பிரீமியம், 62 டாலர் பொறுதிக் காசு. விபத்துக்குப் பிறகு 40 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 624, மூன்று ஆண்டில் 1,872. அதை 62-ஆல் வகுத்தால் 30 ஆண்டு. முப்பது ஆண்டுக்குள் ஒரு தடவை தன் தவறால் இடிப்போம் என்று நினைப்பவருக்கு லாபம், ஆனால் அதே கம்பெனியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலிவாக எவன் தருகிறான் என்று மாறிக்கொண்டே இருப்பவருக்கு இது வீண். அதோடு, இதே கவரேஜை இன்னொரு கம்பெனி ஆண்டுக்கு 200 டாலர் குறைவாகத் தந்தால் பொறுதி பற்றிய பேச்சே வேண்டாம். கலிஃபோர்னியாக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 1988-இல் மக்கள் ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த 103-ஆம் முன்மொழிவின்படி ஓட்டுநர் சரித்திரத்தை வைத்துத்தான் முதலில் விலை போட வேண்டும், அதனால் அங்கே இது கிடைப்பதில்லை.

நம் ஊர் ‘நோ கிளைம் போனஸ்’ இதற்குப் பங்காளி. கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை தள்ளுபடி, ஒரு கிளைம் போட்டால் மொத்தமும் போய்விடும், அதைக் காப்பாற்ற என்று ஒரு தனி ஆட்-ஆன் விற்கிறார்கள்.

மைத்துனன் வைத்துக்கொண்டான். மகளுக்கு இப்போதுதான் லைசென்ஸ் வந்திருக்கிறது. பாலிசிக்கு ஒரு மன்னிப்புதானாம், அதை அப்பா செலவழிப்பாரா மகள் செலவழிப்பாளா என்பதுதான் அந்த வீட்டில் இப்போது பேச்சு.