மெல்வின்ஸ் கிடாரில் யாரும் மீட்டாத சுரம்

"மெல்வின்ஸ் பாட்டுகளில் கிடார் இவ்வளவு கனமாகக் கேட்பது எப்படி? அத்தனை கீழான சுரம் கிடாரில் கிடையாதே!" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வெகுநாளாக எழுத நினைத்த விஷயம் இது.

மெல்வின்ஸ், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மான்டிசானோ என்ற சிற்றூரில் 1983-ல் தொடங்கிய குழு. பங்க் என்ற வேகமான ராக் இசை பறந்துகொண்டிருந்த காலத்தில் இவர்கள் வேகத்தை வேண்டுமென்றே குறைத்தார்கள். நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இளவயதில் இவர்களுடைய ஒத்திகையே கதி என்று கிடந்தவர். சவுண்ட்கார்டன் என்ற ராக் குழுவின் கிடார் கலைஞர் கிம் தயில் 'டிராப் டி' சுதியை மெல்வின்ஸின் பஸ் ஆஸ்போர்னிடம்தான் தெரிந்துகொண்டார்.

டிராப் டி எளிது. 82.4 ஹெர்ட்ஸில் அதிரும் தடித்த கம்பியை 73.4-க்கு, அதாவது 'டி' என்ற சுரத்துக்கு, தளர்த்த வேண்டும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். அடுத்த கம்பி 110. இரண்டுக்கும் விகிதம் 2:3.

சரி, இப்போது ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை அழுத்தி, இரண்டு கம்பிகளையும் சேர்த்து மீட்டுங்கள். சாதாரண ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இரண்டு அலைகளையும் கூட்டி அனுப்பும், அவ்வளவுதான். பெடலோ அலையின் உச்சியை வெட்டுகிறது. இரண்டு அலைகளும் சேர்ந்து உயரும் இடத்தில்தான் வெட்டு விழும் என்பதால், ஒன்றின் தடம் மற்றதில் பதிகிறது. விளைவாக, உள்ளே போகாத அதிர்வெண்கள் வெளியே வருகின்றன. 110-லிருந்து 73.4 போனால் 36.6. அது ஒரு ஸ்தாயி கீழே உள்ள டி! அந்தச் சுரத்துக்குக் கிடாரில் கம்பியே கிடையாது. சின்ன ஸ்பீக்கர் அதைச் சரியாக எழுப்பாவிட்டாலும், அலை நொடிக்கு சுமார் 37 முறை திரும்பி வருவதைக் கவனித்து மூளையே அந்தச் சுரத்தை நிரப்பிக்கொள்கிறது. போனில் அப்பாவின் கட்டைக்குரல் கட்டைக்குரலாகவே கேட்பதும் இப்படித்தான்.

பழைய வால்வு ஆம்ப்புக்கு ஆன்மா இருக்கிறது என்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். இந்தக் கழித்தல் கணக்கே போதிய அதிசயம். பிளஸ் ஒன் ஆய்வகத்தில் சுரமானிக்குப் பக்கத்தில் ஒரு கிடாரும் பெடலும் வாங்கி வைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், அந்த நிதானம். நொடிக்கு எட்டு முறை மீட்டினால், ஒவ்வொரு மீட்டலிலும் 36.6 ஹெர்ட்ஸ் அலைக்கு ஐந்து சுற்றுகூடக் கிடைக்காது. மெல்வின்ஸ் ஒரே மீட்டலை இரண்டு நொடி தொங்கவிட்டால் எழுபதுக்கும் மேல். அந்தக் கீழ்ச் சுரம் காதில் பதிய நேரம் கிடைக்கிறது.