உப்பில் இருக்கும் குளோரின் ஏன் நம்மை ஒன்றும் செய்வதில்லை?

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்த பிறகு, எங்கள் பள்ளிக்கூடம் பல நாள் முகாமாகவே இருந்தது. சனங்கள் வீடு திரும்பியதும் கழிப்பறையைச் சுத்தம் செய்ய இறங்கினோம். யாரோ ஒருவர் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார், அது தெரியாமல் இன்னொரு அக்கா அதன் மேலேயே கழிப்பறை ஆசிட்டை ஊற்றிவிட்டார். தொண்டை எரிந்து, கண்ணில் தண்ணீர் கொட்ட, எல்லோரும் வெளியே ஓடிவந்தோம். புயலில் அந்தக் கூரை ஏற்கெனவே பறந்துபோயிருந்ததால் பெரிதாக எதுவும் ஆகவில்லை. கூரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மறுவாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். "டீச்சர், அன்னைக்கு வந்தது குளோரின்தானே? உப்புலயும் குளோரின்தானே இருக்கு, அதை தினமும் சாப்பிடுறோமே?"

அணு என்றால் தனிமத்தின் மிகச்சிறிய துகள், மூலக்கூறு என்றால் அணுக்கள் சேர்ந்தது என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். அதற்கடுத்த கேள்வியை இவன்தான் கேட்டான். அணு அதேதான். ஆனால் அது யாரோடு, எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது சோறா விஷமா என்பது முடிவாகிறது.

வேதாரண்யம் அளத்தில் விளையும் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குளோரின் அணு சோடியத்திடமிருந்து ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு குளோரைடு அயனியாக, அதாவது மின்னூட்டம் கொண்ட அணுவாக, இருக்கிறது. 17 எலக்ட்ரானோடு தவித்த அணுவுக்கு 18 ஆகிவிட்டது, இனி அது யாரிடமும் போய்ப் பிடுங்க வேண்டியதில்லை. (கறாராகச் சொன்னால் உப்பில் தனித்தனி மூலக்கூறே கிடையாது, அயனிகள் வரிசையாக அடுக்கிய படிகம்தான். பரீட்சையில் பலர் தவறவிடும் இடம் இது.) வாயுவில் கதை வேறு. இரண்டு குளோரின் அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்குபோட்டு ஒரு மூலக்கூறாகச் சுற்றுகின்றன, ஈரமான கண்ணிலும் தொண்டையிலும் பட்டவுடன் அங்கிருக்கும் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலமாகின்றன. எரிந்தது அதனால்தான்.

அன்று கழிப்பறையில் புதிதாக ஒரு அணுகூட உண்டாகவில்லை என்பதையும் பிள்ளைகளையே எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பாடப்புத்தகச் சமன்பாட்டின்படி பிளீச்சிங் பவுடரில் ஒரு கால்சியம், ஒரு ஆக்சிஜன், இரண்டு குளோரின். அதோடு கழிப்பறை ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு மூலக்கூறு. வினை முடிந்ததும் கால்சியம் குளோரைடு, தண்ணீர், குளோரின் வாயு. முன்னும் நான்கு குளோரின், பின்னும் நான்கு குளோரின். சேர்க்கை மட்டும்தான் மாறியிருக்கிறது. ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் கிருமியைக் கொல்லப் போடுகிற அதே பவுடர்தான் இது, அதனால் பவுடரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆசிட்டோடு மட்டும் சேர்க்கவே கூடாது. தவறிச் சேர்ந்துவிட்டால் மேலே எதையும் ஊற்றாதீர்கள். உடனே திறந்த வெளிக்கு வந்து, கண்ணை நிறையத் தண்ணீரில் கழுவி, மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் மூலக்கூறு நிறை. வெறும் கூட்டல் கணக்கு என்று பிள்ளைகள் சலித்துக்கொள்ளும் பாடம் இது, நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். குளோரின் அணு நிறை 35.5, அப்படியானால் மூலக்கூறு நிறை 71. நாம் சுவாசிக்கும் காற்றின் சராசரி ஏறத்தாழ 29. அதாவது குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையை ஒட்டித் தங்கும், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூக்குக்குத்தான் முதலில் எட்டும். முதல் உலகப் போரின்போது 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் இந்த வாயு பதுங்குகுழிகளுக்குள் இறங்கியதற்கும் காரணம் இந்த 71-தான்.

இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சிலிண்டர் வாயுவில் இருக்கும் புரொப்பேன் 44, பியூட்டேன் 58. கசிந்தால் தரையில் பரவும், அதனால்தான் கதவைத் திற, சுவிட்சைத் தொடாதே என்கிறோம். கழிவுநீர்த் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு 34, குழிக்குள்ளேயே தேங்கி நிற்கும், ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்குகிறவரையும் சாய்த்துவிடும். கஜாவுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் ஊரெல்லாம் ஜெனரேட்டர் ஓடியதே, அதன் புகையில் இருக்கும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு 28. காற்றின் கனம்தான், வாசனையும் இல்லை, அறை முழுக்கக் கலந்துவிடும். நாம் மூச்சாக வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயோ திண்ணையிலேயோ வைக்கக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த எண்களை இப்போது வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒரு வருடம் சம்பா அறுவடை முடிந்த சமயம், பாஸ்பரஸ் 31, ஹைட்ரஜன் மூன்று சேர்த்தால் பாஸ்பீன் 34 என்று கூட்டிக் காட்டினேன். நம் எலும்பிலும், வயலுக்குப் போடும் டிஏபி உரத்திலும் இருக்கும் அதே பாஸ்பரஸ்தான், ஹைட்ரஜனோடு சேர்ந்தால் கொடிய விஷம். நெல்லில் பூச்சி விழாமல் இருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக் காற்று பட்டாலே இந்த வாயுவைத்தான் விடும், பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் பயன்படுத்த வேண்டிய மருந்து அது, குடியிருக்கும் வீட்டுக்கானது இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், 34-ன்னா 29-ஐ விடக் கனம். அப்போ கீழதானே வரும்? எங்க அப்பா நேத்துதான் மூட்டைக்கு நடுவுல மாத்திரை வெச்சாங்க. நாங்க பக்கத்து அறையில தரையிலதான் படுக்கிறோம்."

மணி அடிக்கக் காத்திருக்காமல் அவளோடு வீட்டுக்குப் போனேன். இது கனம் குறைவான வாயுவாக இருந்திருந்தாலும் சுவர் இடுக்கு வழியே கசியத்தான் செய்யும், மூட்டையை யாரும் தொடாதீர்கள், வேளாண்மை அலுவலகத்துக்குச் சொல்லி ஆள் வரட்டும் என்றேன். அவள் அப்பா முதலில் நம்பவில்லை. மகள் நோட்டைத் திறந்து கணக்கைக் காட்டியதும், தம்பியைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாகச் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினார்கள்.