நூறு கோடி வசூல், யார் கைக்கு எவ்வளவு?

காசிமேட்டில் என் தாய்மாமாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏலம் முடிந்து, வலைக் குவியல் ஓரமாக உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "இன்னா மாப்ள, படம் எடுக்க அறுபது கோடி ஆச்சாம், நூறு கோடி வசூலாம். அப்ப நாப்பது கோடி லாபம்னு போட்டுக்கிறான்?" நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்தார். "இன்னிக்கு நம்ம போட்டு மீனு மூணு லட்சத்துக்குப் போச்சு. அந்த மூணு லட்சமும் என்துன்னு எவனாச்சும் சொன்னா ஒத்துப்பியா?"

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏலத் தொகையில் முதலில் ஏலம் விட்டவரின் கமிஷன் போகும். அப்புறம் டீசல், ஐஸ், கடலில் இருந்த நாட்களுக்கு ஏற்றிப்போன அரிசி பருப்பு. மிச்சத்தில்தான் படகுக்கு ஒரு பங்கு, போய் வந்தவர்களுக்கு ஒரு பங்கு. படகுக்கு மூன்று முதலாளிகள் என்றால் அந்தப் பங்கும் மூன்றாகும். சினிமாவிலும் நடப்பது அச்சு அசல் இதேதான். ஆனால் நம் கண்ணில் படுவது ஏலத் தொகை மட்டும். வசூல் என்பது பார்வையாளர் கவுன்டரில் கொடுத்த பணம். பட்ஜெட் என்பது தயாரிப்பாளர் செலவழித்த பணம். இரண்டும் வேறு வேறு பாக்கெட். ஒன்றிலிருந்து இன்னொன்றை அப்படியே கழிக்க முடியாது.

சரி, ஒரே ஒரு டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். சென்னை மல்டிபிளெக்ஸில் நமக்குப் பழகிப்போன விலை 190 ரூபாய்க்குப் பக்கம். அதன் அடிப்படை விலை 150 ரூபாய். 2017-இல் தமிழக அரசு மல்டிபிளெக்ஸ்களுக்கு வைத்த உச்சவரம்பு அது. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 27 ரூபாய். கூடவே உள்ளாட்சி கேளிக்கை வரி. தமிழ்ப் படங்களுக்குப் பல ஆண்டுகள் இருந்த 8 சதவீதத்தில் கணக்குப் போட்டால் 12 ரூபாய். ஆக மொத்தம் 189. (அடிப்படை விலை 100 ரூபாய்க்குள் என்றால் ஜி.எஸ்.டி. குறைவு. 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து 5.) ஆன்லைனில் பதிவு செய்யும்போது தனியாக ஒரு தொகை பிடிக்கிறார்களே, அது டிக்கெட் விற்றுக்கொடுக்கும் நிறுவனத்துக்கு. படத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வியாபாரத்தில் இந்த 189-க்குப் பெயர் 'கிராஸ்'. வரி போன பிறகு நிற்கும் 150 'நெட்'. போஸ்டரில் ஏறுவது கிராஸ்தான், அதுதானே பெரிய எண்.

நெட்டைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். விநியோகஸ்தர் பக்கம் வருவது 'ஷேர்'. பெரிய நடிகர் படம் என்றால் முதல் வாரம் ஷேர் 60 சதவீதம், சமயத்தில் அதற்கு மேலும் போகும். வாரம் போகப் போக அது இறங்கி, தியேட்டரின் பங்கு ஏறும். 60 என்றே வைத்துக்கொண்டால் ஷேர் 90 ரூபாய். படத்தைக் கமிஷனுக்கு வெளியிடும் விநியோகஸ்தர் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வதாக வைத்தால், தயாரிப்பாளரை அடைவது 81 ரூபாய். 189-இல் 81. நூற்றுக்கு 43.

மாமா காட்டிய படத்துக்கு இதைப் பொருத்தினால் நூறு கோடி கிராஸில் தயாரிப்பாளருக்கு 43 கோடி. செலவு 60. நாற்பது கோடி லாபம் என்று படித்த இடத்தில் 17 கோடி பள்ளம் தெரிகிறது. அதுவும் கூட்டம் முழுக்க முதல் வாரத்திலேயே வந்துவிட்டது என்ற தாராளமான கணக்கில். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஷேர் பாதிக்குப் பாதி ஆகும்போது அதே 189-இல் அவருக்கு வருவது 67 ரூபாய் 50 காசு.

இந்த இறங்குமுகப் பங்குதான் முதல் மூன்று நாள் வெறிக்கு ஒரு காரணம். தயாரிப்பாளருக்கு எல்லாரும் முதல் வாரமே பார்த்துவிட வேண்டும். தியேட்டர்காரருக்குப் படம் மெதுவாக, நீளமாக ஓட வேண்டும். தண்டையார்பேட்டை அகஸ்தியா, பெரம்பூர் பிருந்தா போன்ற ஆயிரம் இருக்கை அரங்குகள் இரண்டாவது வகைக் கணக்கில் கட்டியவை. அன்றைக்கு ஒவ்வொரு பிலிம் பிரிண்டுக்கும் தனிச் செலவு. அதனால் ஊருக்குச் சில பிரிண்டுகள்தான் போட்டார்கள். ஒரு பிரிண்டை வைத்து இரண்டு தியேட்டர்கள் காட்சி ஓட்டுவதும் உண்டு. முதல் ரீல் பெட்டி முடிந்ததும் பையன் சைக்கிளில் அடுத்த தியேட்டருக்குப் பறப்பான், இடைவேளை கொஞ்சம் நீண்டால் 'பெட்டி இன்னும் வரல' என்று எல்லாருக்கும் புரியும். பிரிண்ட் டிஜிட்டல் ஆன பிறகு ஒரே காலையில் எல்லாத் திரையிலும் படத்தை இறக்க முடிந்தது. அதற்கான கட்டணத்தை யார் கொடுப்பது என்ற சண்டையில்தான் 2018-இல் மார்ச் தொடங்கி ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுத் தமிழ்ப் படங்கள் வெளிவரவில்லை. எல்லாரும் முதல் வாரமே பார்த்துவிட்டால், ஆயிரம் இருக்கையை எட்டாவது வாரம் யாரை வைத்து நிரப்புவது? அகஸ்தியா 1967-இல் திறந்து 2020-இல் மூடியது. 1985-இல் திறந்த பிருந்தா 2025-இல்.

இதுவரை சொன்னது கமிஷன் முறை. இன்னொன்று 'எம்.ஜி.'. அந்த இரண்டு எழுத்தைக் கேட்டதும் வடசென்னைக்காரருக்கு மூன்றாவது எழுத்துதான் நினைவுக்கு வரும், ஆனால் இது மினிமம் கேரண்டி. தமிழ்நாட்டைச் சென்னை, செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம் என்று ஏரியாக்களாகப் பிரித்து விற்பார்கள். ஒரு ஏரியாவை எம்.ஜி.க்கு எடுத்தவர், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேசிய தொகையைத் தர வேண்டும். தயாரிப்பாளர் ரிலீஸுக்கு முன்பே தப்பித்துவிடலாம், அடி விநியோகஸ்தருக்கு. 'அட்வான்ஸ்' முறையில் வாங்கியிருந்தால் வசூலாகாத மிச்சத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டு. அவுட்ரேட் என்றால் மொத்தமாக வாங்கியாயிற்று, லாபமும் நஷ்டமும் வாங்கியவர் தலையில். 2002-இல் 'பாபா' படத்தில் விநியோகஸ்தர்களுக்கு வந்த நஷ்டத்தை ரஜினிகாந்த் ஈடுகட்டியது இன்றும் பேசப்படுகிறதே, ஏன்? அப்படித் தருவது வழக்கமில்லை என்பதால்தான்.

ஆகவே 'படம் லாபமா?' என்ற கேள்விக்கு 'யாருக்கு?' என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. தியேட்டர் வசூலுக்கு வெளியேயும் வரவு உண்டு. ஓ.டி.டி., சாட்டிலைட், பாட்டு, இந்தி டப்பிங், வெளிநாட்டு உரிமை என்று விற்றே முதலை மீட்டுவிட்டால் கோடம்பாக்கத்தில் அதற்கு 'டேபிள் பிராஃபிட்' என்று பெயர். அந்தப் படம் தியேட்டரில் படுத்தாலும் தயாரிப்பாளர் தூங்குவார்.

எதிர்ப்பக்கம், பட்ஜெட் என்று சொல்லும் எண்ணுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பதும் குழப்பம்தான். விளம்பரச் செலவைச் சேர்த்தார்களா? வட்டியை? பைனான்ஸியரிடம் மாதம் 2 சதவீத வட்டிக்குப் பத்து கோடி வாங்கி, படம் பதினெட்டு மாதம் இழுத்தால் வட்டி மட்டும் 3 கோடியே 60 லட்சம். தேதி ஒரு மாதம் தள்ளிப்போனால் இன்னொரு 20 லட்சம். ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி பாக்கி பஞ்சாயத்து முடியாமல் காலைக் காட்சி ரத்தானது என்று அவ்வப்போது கேள்விப்படுகிறோமே, அந்தப் பஞ்சாயத்தின் வயிற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்த வட்டிதான்.

போஸ்டர் எண்ணை நம்பலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இருக்கைகளை எண்ணுங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் திரை என்று வைப்போம். திரைக்குச் சராசரி 400 இருக்கை, நாளுக்கு 5 காட்சி, டிக்கெட் 150 ரூபாய். ஆயிரம் பெருக்கல் 400, நான்கு லட்சம். ஐந்து காட்சிக்கு இருபது லட்சம் இருக்கை. 150-ஆல் பெருக்கினால் 30 கோடி. மாநிலத்தின் எல்லாத் திரையிலும் அந்த ஒரே படம், ஒரு நாற்காலிகூடக் காலியில்லை என்றால்தான் இது. என் ஊகங்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 60 கோடி என்று யாராவது சொன்னால், கூடுதல் இருக்கையை எங்கே போட்டார்கள் என்று கேட்கலாம். டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு இருக்கும் மாநிலத்தில் வசூலுக்கும் ஒரு கூரை உண்டு. வெள்ளிக்கிழமை கறுப்பில் விற்கும் டிக்கெட்டின் கூடுதல் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது என்பது தனிக் கதை.

பணத்தை விட்டுத் தலைகளை எண்ணுவது பிரான்சில் அரசாங்க வழக்கம். அங்கே சி.என்.சி. என்ற திரைப்பட மையம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை வைத்திருக்கிறது. விலைவாசி ஏறினாலும் தலைக்கணக்கு மாறாது. பத்து வருடத்துக்கு முந்திய படத்தையும் இன்றைய படத்தையும் ரூபாயில் ஒப்பிட்டு 'சாதனை முறியடிப்பு' என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ரூபாய்க் கணக்கும் வடசென்னைக்குப் புதிதல்ல. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று, தீபாவளியை ஒட்டி, கினிமா சென்ட்ரலில் வெளியானது. பின்னாளில் முருகன் டாக்கீஸ் ஆன அரங்கு அது. படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது கூட்டம் வால்டாக்ஸ் ரோடு நெடுகப் பூத்தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி கொளுத்தி அழைத்துப் போனது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். செலவு 8,000 ரூபாய், வசூல் 75,000-க்கு மேல் என்பது அந்தப் படத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒன்பது மடங்கு! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வெற்றியின் மடங்கை வைத்து அடுத்தவர் முதல் போடும்போதுதான் ஆபத்து.

ஏன் என்று விளக்க ஆள் உயரத்தை எடுத்துக்கொள்ளலாம். ராயபுரத்தில் மின்ரயில் ஏறும் நூறு பேரின் உயரத்தை அளந்து சராசரி எடுத்தால், பெரும்பாலானவர்கள் அந்தச் சராசரிக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். அறுபதடி மனிதர் ஒருவர் ஏறி எல்லாவற்றையும் கெடுக்க வாய்ப்பில்லை. சினிமா வசூலில் அந்த அறுபதடி ஆள் வருடா வருடம் ஏறுகிறார். ஆர்தர் டி வானி, டேவிட் வால்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் வட அமெரிக்க வசூலை ஆராய்ந்து 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தப் பணத்தில் பெரும்பகுதியை மிகச் சில படங்கள் அள்ளிக்கொள்கின்றன, சராசரி என்ற எண் எந்தச் சாதாரணப் படத்துக்கும் பொருந்துவதில்லை, பெரிய நட்சத்திரம் இருப்பதாலேயே வெற்றி உறுதியாவதும் இல்லை என்பது அவர்கள் கண்டது. மாமாவிடம் இதை இப்படிச் சொன்னேன்: துறைமுகத்தில் ஒரு போட்டில் ஒரு கூரல் கத்தாழை மீன் மாட்டி லட்சக்கணக்கில் ஏலம் போனால், அன்றைக்குத் துறைமுகத்தின் சராசரி வருமானம் ஏறிவிடும். மற்ற போட்டுக்காரர்களின் ஐஸ் பாக்கி அப்படியேதான் இருக்கும். அவருக்குச் சட்டென்று புரிந்தது.

ஹாலிவுட்டிலும் இதே பங்குக் கணக்குதான். அங்கே பட்ஜெட்டைப்போல் இரண்டரை மடங்கு உலக வசூல் வந்தால்தான் முதல் தேறும் என்று கைக்கணக்காகச் சொல்வார்கள். சீனாவில் பங்கு முறையில் ஓடும் வெளிநாட்டுப் படத்துக்குத் திரும்பிவருவது 25 சதவீதம்தான், 2012-க்கு முன் அதைவிடவும் குறைவு. அதே 2012-இல் டிஸ்னியின் 'ஜான் கார்ட்டர்' 25 கோடி டாலருக்கு மேல் செலவில் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்க சுமார் 28 கோடி டாலர் வசூலித்தது. நம் ஊர் கழித்தல் கணக்கில் மூன்று கோடி டாலர் லாபம். டிஸ்னியோ படம் வெளியான மாதத்திலேயே சுமார் 20 கோடி டாலர் நஷ்டம் வரும் என்று அறிவித்தது.

இவ்வளவும் பேசிய பிறகு மாமா அந்த அறுபது கோடிப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். ரிலீஸாகி மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, ராயபுரம் பக்கம் ஒரு மாலைக் காட்சி. இடைவேளையில் விளக்குப் போட்டதும் எழுந்து நின்று தலையை எண்ணினார், படகில் பெட்டி எண்ணுவது போல. முப்பத்தேழு பேர். செல்போனில் நானே போட்டுக் காட்டினேன். தலைக்கு 150 என்றால் 5,550 ரூபாய் நெட். பாதிக்குப் பாதி, தியேட்டருக்கு 2,775. மறுபாதியில் விநியோகஸ்தர் கமிஷன் போகத் தயாரிப்பாளருக்குச் சுமார் 2,500. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எங்களைச் சுற்றி வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.

வெளியே பாப்கார்ன் வாங்க நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேராவது இருப்பார்கள்.

"இந்தத் துட்டு ஆருக்குப் போவும் மாப்ள?"

"இதுல தயாரிப்பாளருக்குப் பங்கு கெடையாது மாமா. தியேட்டருக்கும் கேன்டீன் குத்தகைக்காரருக்கும்தான்."

அவர் பாப்கார்னை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "அதான பாத்தேன். நம்ம ஐஸ் கம்பெனிக்காரன் மாதிரி."