முதிரை நிலை ஏன் வெடிக்கிறது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வாசல் நிலைக்கு முதலில் கேட்பது முதிரை மரத்தைத்தான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பட்டுப்போல மினுங்கும் மஞ்சள் நிறம், நாள்பட நாள்பட அது தேன் நிறமாகும். காய்ந்த பிறகும் ஒரு கன அடி 25 கிலோவைத் தாண்டும். தேக்கு 18, 19 கிலோதான். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் கட்டிய ஒற்றை வளைவுப் பாலமே முதிரையால் ஆனதாகத்தான் இருந்தது. நீளம் 200 அடிக்கு மேல்.

அப்படிப்பட்ட மரம் இரண்டு வருடத்தில் வெடித்தால், காயவிட்ட விதத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மாரியில் அறுத்த ஈரச் சட்டத்தைத் தை மாதமே நிலையாகப் பூட்டிவிடுகிறார்கள். பிறகு கச்சான் (தென்மேற்கு வறள்காற்று) அடிக்கத் தொடங்கியதும் மேற்பரப்பு சட்டென்று காய்ந்து சுருங்கும். உள்ளீரம் அப்படியே கிடக்கும். இறுகிய மரமென்பதால் அது வெளியே வர மாதக்கணக்காகும். சுருங்காத உட்பகுதியின் மேல் இழுபடுகிற வெளிப்பகுதி மயிர்க்கோடாகப் பிளக்கும்.

அறுத்த அன்றே இரு முனைகளுக்கும் தடிப்பாகப் பெயின்ற் பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, கூரைக்குக் கீழ், இரண்டடிக்கு ஒன்றாக ஓரங்குல ரீப்பை (மெல்லிய மரச் சட்டம்) வைத்து அடுக்குங்கள். ரீப்பைகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும், பிசகினால் பலகை வளையும். கச்சான் நேரே படும் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போடுவது மரத்தைக் கெடுக்கும் வேலை.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்லமுடியாது. அடுக்கில் ஒரு துண்டைக் குறித்துவைத்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை தராசில் நிறுங்கள். மழையில்லாத நாட்களில் இரண்டு மூன்று தடவை நிறை குறையாமல் நின்றால் ஓடாவியிடம் (தச்சரிடம்) கொடுக்கலாம்.

வாங்கும்போது கருங்கோடுகளைக் கவனியுங்கள். அவை பிசின் ஓடிய இடங்கள். நிலைக்குப் பரவாயில்லை, மேசைப் பலகைக்கு வேண்டாம். போக்குவரத்து அனுமதிப்பத்திரம் இல்லாத மரத்தை விலை குறைவென்று ஏற்றாதீர்கள்.

இழை ஒரு பட்டையில் ஒரு பக்கமும் அடுத்த பட்டையில் மறுபக்கமும் சாய்ந்திருக்கும். அந்த மினுக்கம் அதனால்தான் வருகிறது, சீவுளி பிய்ப்பதும் அதனால்தான். அலகை நன்றாகத் தீட்டி, கடதாசி மெல்லிசாகச் சீவி, கடைசியில் சுரண்டியே மட்டமாக்கவேண்டும். துளையிடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். 8ஆம் இலக்கத் திருகாணிக்கு 3 மில்லிமீற்றர் துளை போட்டு, புரியில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள்.

முதிரைத் தூள் விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். மரத்திலுள்ள இரசாயனம் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். பல வருடம் ஒன்றும் செய்யாதவருக்கும் திடீரென்று வரலாம். அரத்தாள் போடும்போது முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் கட்டாயம். சாப்பிடப் போகுமுன் கையையும் கழுத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.