பெரிய அடுப்பு கேட்காதீர்கள்: லொக் பேர்ணருக்கு எத்தனை கிலோவாட்?

லொக் பேர்ணர் என்பது அறையைச் சூடாக்கும் விறகு அடுப்பு. அதைப் பூட்டித் தரச் சொல்லி, குளிர் தொடங்கும் முன்னர் லண்டன் தமிழ் வீடுகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் இந்த வேண்டுகோளைத்தான் அதிகம் கேட்கிறேன்: "தம்பி, எட்டுக் கிலோவாட்டுக்குக் குறையாம ஒண்டு பூட்டித் தாங்கோ, வீடு முழுக்கச் சூடாக வேணும்." அறையின் நீள அகலத்தைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. சின்ன அடுப்பு வாங்கியவருக்குக் கடுங்குளிர் நாளில் கொஞ்சம் போதாமல் இருக்கும். றேடியேட்டரைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும். அளவுக்கு மிஞ்சிய அடுப்பு வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய புகைபோக்கிதான் அதன் விலையைக் கொடுக்கிறது.

முதலில் அளவுநாடாவை எடுங்கள். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீற்றரில் பெருக்கி, வருவதை 14ஆல் வகுத்தால் சாதாரண வீட்டுக்குத் தேவையான கிலோவாட் ஏறக்குறைய வந்துவிடும். வெளியே −1 பாகை இருக்கும்போது உள்ளே 21 பாகை வேண்டும் என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. 4.5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 2.8 மீற்றர் உயரமான விக்டோரியா காலத்து முன் அறை ஒன்றை எடுப்போம். 50.4 கன மீற்றர், 3.6 கிலோவாட். இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்துப் பெரிதாக்கிய வீட்டில் முழு நீளத்தையும் சேர்க்க வேண்டும். எட்டு மீற்றர் நீளம், மூன்றரை அகலம், இரண்டரை உயரம் என்றாலும் 70 கன மீற்றர்தான், ஐந்து கிலோவாட் போதும். மேல்மாடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுப்பு இருக்கும் அறைதான் சூடாகும், படிக்கட்டால் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்.

14 என்பது நடுத்தரமான எண். சுவருக்குள் இடைவெளி இல்லாத பழைய செங்கல் வீடு, ஒற்றைக் கண்ணாடி யன்னல் என்றால் 10ஆல் வகுக்கலாம். வெப்பம் வெளியே போகாதபடி நன்றாகக் காப்பிட்ட வீடென்றால் 25ஆல். அதே முன் அறைக்கு ஒரு வீட்டில் ஐந்து கிலோவாட், இன்னொரு வீட்டில் இரண்டு கிலோவாட் வருகிறது. இவ்வளவு வித்தியாசம் ஏன்? 12 சதுர மீற்றர் வெளிச்சுவர் ஒன்றை எடுங்கள். காப்பிடாத கனச்சுவரென்றால் அந்தக் குளிரில் 550 வாட் அளவில் வெளியே போய்விடும். நல்ல காப்பு இருந்தால் 80 வாட் அளவுதான் போகும். கையில் காசு இருந்தால் பெரிய அடுப்பில் போடாமல் சுவரிலும் பரணிலும் முதலில் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெட்டியில் எழுதியிருக்கும் கிலோவாட்டைப் பலர் குறைத்துக் கூட்டக்கூடிய உச்ச எண் என்று நினைக்கிறார்கள். அது சோதனைக்கூடத்தில், அளந்து வைத்த விறகு சீராக எரியும்போது வருகிற வெப்பம். 20 சதவீத ஈரத்துக்குள் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. அடுப்பின் திறன் 80 சதவீதம் என்றால் அறைக்கு 3.2 வரும். ஆக, எட்டுக் கிலோவாட் அடுப்பு ஒழுங்காக எரிய மணிக்கு இரண்டரைக் கிலோ விறகு கேட்கும். மூன்றரைக் கிலோவாட் போதுமான அறையில் அதை அப்படி எரித்தால் அரை மணியில் யன்னலைத் திறக்க வேண்டிவரும்.

யாரும் யன்னலைத் திறப்பதில்லை. அடுப்புக்குள் போகும் காற்றை அடைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. விறகின் எடையில் பெரும்பகுதி, சூடானதும் வாயுவாக வெளியேறும். அந்த வாயு எரிவதற்குக் காற்றும் வேண்டும், உயர்ந்த வெப்பமும் வேண்டும். இரண்டையும் குறைத்துவிட்டால் எரியாத வாயு மேலே போய், குளிர்ந்த புகைபோக்கியின் உட்புறத்தில் தாராகப் படிகிறது. முதல் அறிகுறி கறுத்துப்போன அடுப்புக் கண்ணாடி. ஈர விறகும் இதே வேலையைச் செய்யும் என்பதால் விறகு எங்கே வாங்கினீர்கள் என்றும் கேட்பேன். விறகு காய்ந்திருந்தும் கண்ணாடி கறுத்தால், அடுப்பு அந்த அறைக்குப் பெரிது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். படிந்த தார் ஒருநாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள்ளேயே தீ எழும். அடைத்து வைத்த அடுப்பின் புகைதான் அயலவர் வீட்டுக்கும் அதிகம் போகிறது. லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு வலயம். அங்கே விறகு எரிக்க அனுமதி பெற்ற அடுப்புகளில் காற்றை முழுதாக அடைக்க முடியாதபடி ஒரு தடை வைத்திருப்பார்கள். அதை யாரும் கழற்றவோ வளைக்கவோ கூடாது.

ஐந்து கிலோவாட்டில் சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. இங்கிலாந்தின் கட்டட விதிகளின்படி, பழைய வீடுகளில் ஐந்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீற்றர் நிரந்தரக் காற்றுத் துவாரம் வேண்டும். எட்டுக் கிலோவாட் கேட்டவருக்குச் சுவரில் 1650 சதுர மில்லிமீற்றர் ஓட்டை. அதனால் உள்ளே வரும் குளிரும் சேர்த்து. காற்றுப் புகாத புதிய வீடென்றால் முதல் கிலோவாட்டிலிருந்தே துவாரம் கணக்கிடப்படும். குளிர்காற்று வருகிறதென்று துவாரத்தைத் துணி வைத்து அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அடுப்பு இருக்கும் அறையில் அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

எங்கள் வீடுகளுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. தாளிப்பு, பொரியல் என்று சமையலறையில் பலமான புகை உறிஞ்சி பூட்டியிருப்போம். குசினியும் முன் அறையும் ஒன்றாகத் திறந்த வீட்டில் அந்த உறிஞ்சி, அடுப்பின் புகையையும் தன் பக்கம் இழுக்கும். பூட்டியவர் கிளம்பும் முன் யன்னல் கதவுகளை எல்லாம் சாத்தி, உறிஞ்சியை உச்ச வேகத்தில் வைத்து, புகை அறைக்குள் திரும்புகிறதா என்று உங்கள் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். திரும்பினால், துவாரத்தைப் பெரிதாக்கியோ உறிஞ்சியை மாற்றியோ மறுபடி சோதிக்கும்வரை அடுப்பை மூட்ட வேண்டாம்.