கௌரவ டாக்டர் பட்டம், மதிப்புறு முனைவர்: இதுல மதிப்பு யாரோடது?

வெளிநாட்டுத் தலைவர் ஒருத்தர் மேல படுகொலைப் பழி இருக்கு, அவருக்கு ஒரு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் குடுக்கப்போறதா அறிவிக்குது, உடனே அங்க இருக்கற ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்ப்பு தெரிவிச்சு கையெழுத்து வாங்க ஆரம்பிச்சுடறாங்க. அப்போ தவறாம ஒரு பதில் வரும், "சும்மா ஒரு மரியாதைக்குக் குடுக்கறதுதானே, அவர் என்ன பரீட்சை எழுதியா வாங்கறாரு, இதுக்குப் போய் இவ்ளோ கலாட்டாவா?"ன்னு. சும்மா மரியாதைதானான்னு அந்தச் சொல்லையே பிரிச்சுப் பாத்துடலாம்.

லத்தீன்ல இதுக்கு 'ஹானரிஸ் காசா'ன்னு பேரு. 'காசா'ங்கறதை பல பேர் காரணம்னு எடுத்துக்கறாங்க, ஆனா இந்த இடத்துல 'பொருட்டு'ன்னுதான் அர்த்தம், அதாவது 'மதிப்பின் பொருட்டு'. ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு எதுவும் கிடையாது, நேரா மேடை, அங்கி, சுருட்டின தாள். 'டாக்டர்' கற்பிக்கறதைக் குறிக்கற லத்தீன் வினைல இருந்து வந்தது, அதனால ஊசி போடற டாக்டருக்கு முன்னாடியே பாடம் சொல்ற டாக்டர் இருந்தாரு.

ஆரம்பமே அவ்வளவு சுத்தம் இல்ல. நமக்குத் தெரிஞ்சு முதல் கௌரவ டாக்டர் பட்டம் 1470களோட கடைசில ஆக்ஸ்ஃபோர்ட்ல லயனல் வுட்வில்லுக்குக் குடுத்தது. அவர் யாருன்னா நாலாம் எட்வர்ட் ராஜாவோட மச்சான், ராணியோட தம்பி. வழக்கமான கல்வி நிபந்தனையெல்லாம் வேண்டாம்னு சொல்லி பல்கலைக்கழகமே தேடிப்போய்க் குடுத்துச்சு, கொஞ்ச நாள்லயே அவர் அங்க வேந்தராவும் ஆயிட்டாரு. அரண்மனைல காரியம் ஆகணும்னு பிறந்த வழக்கம்தான், பின்னாடி நிஜமான அறிஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் குடுத்துக் குடுத்து நல்ல பேர் வாங்கிடுச்சு.

இப்போ தமிழுக்கு வருவோம். 'பட்டம்'னா முதல்ல நெத்தில கட்டற பொன் தகடு, பட்டம் கட்டறதுன்னு நாம இன்னும் சொல்றது அதுலேர்ந்துதான். 'கௌரவம்' வடமொழி, 'குரு'ங்கற சொல்லோட சொந்தம், குருன்னா கனமானதுன்னும் ஒரு பொருள் இருக்கு, ஆக கௌரவம்னா கனம். இலங்கைத் தமிழ்ல டாக்டர் பட்டத்தை கலாநிதின்னு சொல்லுவாங்க, அங்க இதே விஷயம் கௌரவ கலாநிதி. கலாநிதிக்கு நிலான்னு ஒரு பொருளும் உண்டு, தேய்ஞ்சு போற கௌரவத்துக்குப் பொருத்தம்தான்!

சரியான தமிழ்ச் சொல் 'மதிப்புறு முனைவர்'. இதுல முனைவர்தான் சுவாரசியம். தொல்காப்பியம் மரபியல்ல ஒரு வரி இருக்கு: "வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்". முனைவன்னா எல்லாருக்கும் முன்னாடி நிக்கறவன், முதல்வன். ஆனா வெறும் அறிவு மட்டும் போதாது, முதல்ல 'வினையின் நீங்கி', அப்புறம்தான் 'விளங்கிய அறிவு'. செஞ்ச வினை துரத்திக்கிட்டே வர்ற ஒரு அரசியல்வாதிய மேடையேத்தி முனைவர்னு கூப்பிட்டா இந்த வரிக்கு நேர் எதிரால்ல போய் நிக்கறோம்? எதிர்க்கறவங்களுக்கு இதைவிட நல்ல வாதம் வேற எந்த மொழியிலயும் கிடைக்காதுன்னு எனக்குத் தோணுது.

எதிர்ப்புக்கும் நீண்ட வரலாறு இருக்கு. 1956-ல ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்க முன்னாள் அதிபர் ட்ரூமனுக்குப் பட்டம் குடுக்கறதா முடிவு பண்ணப்போ எலிசபெத் ஆன்ஸ்கோம்னு ஒரு தத்துவ ஆசிரியை எந்திரிச்சு எதிர்த்தாங்க. ஹிரோஷிமா, நாகசாகில குண்டு போட உத்தரவு குடுத்தவர் அவர், அப்பாவி ஜனங்களக் கொல்றதையே ஒரு வழியா தேர்ந்தெடுக்கறதுக்குப் பேர் கொலைதான், அப்படி ஒருத்தரப் புகழறதும் அந்தக் குத்தத்துல பங்கு வாங்கற மாதிரின்னு அவங்க வாதம். கூட நின்னவங்க ரொம்பக் கொஞ்சம், ட்ரூமன் பட்டம் வாங்கிட்டுப் போயிட்டாரு. ஆனா அந்தம்மா இதைப் பத்தி எழுதின சின்ன வெளியீட்டை இன்னிக்கும் தத்துவ வகுப்புல படிக்கறாங்க.

அதே ஆக்ஸ்ஃபோர்ட்ல 1975-ல பாகிஸ்தான் பிரதமர் சுல்ஃபிகர் அலி பூட்டோ பேர் வந்துச்சு. அவர் அங்கயே படிச்சவர், அப்படியும் 1971-ல கிழக்கு பாகிஸ்தான்ல நடந்த படுகொலைகள்ல அவருக்கும் பொறுப்பு இருக்குன்னு ஆசிரியர்கள் எதிர்த்து, ஓட்டுல தோக்கடிச்சுட்டாங்க. எடின்பரோ கதை வேற மாதிரி. ஆப்பிரிக்கக் கல்விக்குச் செஞ்ச தொண்டுக்காகன்னு 1984-ல ஜிம்பாப்வே தலைவர் முகாபேவுக்குக் குடுத்தாங்க, அப்பவே அவரோட படை அந்த நாட்டு மட்டாபெலெலாந்து பகுதில ஜனங்களக் கொன்னுக்கிட்டு இருந்துச்சு, பட்டத்தைத் திரும்ப எடுத்தது 2007-ல.

"அவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கறதும் கருத்துச் சுதந்திரம்தானே"ன்னு சிலர் இதுல கொண்டு வந்து கோர்ப்பாங்க. பேச வைங்க, தாராளமா, கேள்வி கேக்க மைக்கும் வைங்க. பட்டமளிப்பு விழால கேள்வி நேரம் கிடையாது, கைதட்டு மட்டும்தான், ரெண்டையும் ஒண்ணாக்கக் கூடாது. "நாட்டுக்குக் குடுக்கறோம், ஆளுக்கு இல்ல"ங்கறதும் அப்படித்தான், தாள்ல ஆள் பேர்தானே எழுதியிருக்கு. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், 'மதிப்பு உறு'ன்னு நாம சொல்லும்போது அந்த மதிப்பு பல்கலைக்கழகத்தோட கஜானால இருந்துதான் போகுது, ராத்திரி பகலா உக்காந்து ஆய்வேடு எழுதின அத்தனை முனைவர்களும் சேர்த்து வெச்சது அது. அதனால அவங்க கேள்வி கேக்கறதுக்கு முழு உரிமை இருக்கு, துணைவேந்தரும் நாலு குழு உறுப்பினரும் மட்டும் முடிவு பண்ற விஷயமில்ல.

ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பக்கம் எதிர்ப்ப லத்தீன்ல 'நான் ப்ளாசெட்'னு சொல்லுவாங்க, 'பிடிக்கல'ங்கற மாதிரி. தமிழ்ல 'இசைவில்லை'ன்னு எழுதலாம், சபைக்கும் பொருந்தும். குடுத்ததைத் திரும்ப வாங்கறதுக்கு 'பட்டத்தைத் திரும்பப் பெறுதல்'னு அறிக்கைகள்ல வரும், பேச்சுல பட்டத்தைப் பறிச்சுட்டாங்கன்னு சொன்னாலே எல்லாருக்கும் புரியும். அப்புறம், இப்படிப் பட்டம் வாங்கினவங்க பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கக் கூடாதுங்கறது பல்கலைக்கழகங்கள்ல பொதுவான மரபு. போட்டே ஆகணும்னா 'மதிப்புறு'வையும் சேர்த்து முழுசா எழுதணும், அதை மட்டும் கழட்டி விட்டுட்டு வெறும் முனைவர்னு போஸ்டர் அடிக்கறது போங்கு ஆட்டம்.